வரியால் காலியான எங்கள் ஊர்

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில், ஊர் அமைத்து வரி வசூலிக்க உதவும் டவுனி என்ற பிளகின் (துணை நிரல்) ஓடும் சர்வரில் எங்கள் ஊருக்கு நான்தான் மேயர், குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மின்சாரம் போய், நாலைந்து நாள் கழித்து விளையாட்டுக்குள் வந்து பார்த்தால் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. தினசரி வரியை எல்லோருக்கும் ஒரே தொகையாக வைத்திருந்தேன், விளையாட வராத நாளிலும் அது கழியும். கட்டக் காசில்லாதவரை டவுனி தானாகவே ஊரிலிருந்து நீக்கிவிடும். மனை போன பையன் ஒருவன் அழாத குறை, எனக்கு மனசே ஆறவில்லை.

வரியைச் சதவீதமாக மாற்றினேன். இனி இருப்பில் ஒரு பங்குதான் போகும், காசு தீர்ந்தாலும் யாரும் வெளியே போக வேண்டாம். அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பழைய மனையையே கொடுத்தேன். புதியவர்களுக்கு வெறும் அழைப்பு போதாது, முதல் நாளே கூட நின்று ஒரு சுவராவது சேர்ந்து கட்டுகிறேன். அப்படி வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.