புது ஏர் பிஸ்டலுக்குச் சரியான பெல்லட்: கன்னியாகுமரி ஈரக்காற்றில் 4.5 மில்லிமீட்டர் தொடங்குவது எப்படி

.22 பிஸ்டலில் பழகியவரோ, முதல்முறையாகத் துப்பாக்கி வாங்குபவரோ, 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு வந்துவிட்டால் அளவு ஒன்றுதான்: 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலம். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் வெண்கலம் எடுத்தது இந்தப் போட்டியில்தான். பிஸ்டலுக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, பெல்லட்டை, அதாவது அதில் போடும் ஈயக் குண்டை, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கிவருகிறவர்கள் நிறைய. அதே பெல்லட் டப்பாவை உப்புக்காற்று வீசும் ஜன்னலோரம் திறந்து வைத்துவிட்டு, குறி தவறுகிறதே என்று கையைக் குறை சொல்கிறவர்கள் இன்னும் அதிகம்.

முதலில் சட்டம். ஆயுத விதிகள் 2016ன்படி, குழல் 4.5 மி.மீ.க்கு மேலோ வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ போனால் உரிமம் வேண்டும். போட்டி ஏர் பிஸ்டல் 5 ஜூல் அளவில்தான் நிற்கும், அதனால் அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். வெடிமருந்துத் தோட்டாவின் கதை வேறு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை ஆயுதச் சட்டம் 1959ன் 5ஆம் பிரிவு தடை செய்கிறது. ஏர் பிஸ்டலைப் பறவைகள் மேல் திருப்பவே கூடாது. சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு வந்திறங்கும் பறவைகளைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது காகிதத்தில் ஓட்டை போடுவதற்கான கருவி, அவ்வளவுதான்.

பெல்லட் வாங்கும்போது டப்பாவில் மூன்றைப் பாருங்கள். முதலாவது தலையின் வடிவம்: தட்டையான தலை, அதாவது வாட்கட்டர். கூர்முனையும் உருண்டைத் தலையும் காகிதத்தைக் கிழிக்கும்; ஓட்டையின் விளிம்பு தெரியாது, புள்ளி எண்ணவும் முடியாது. இரண்டாவது எடை. பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.49 கிராம் வரை. 0.53 கிராம் பெரும்பாலும் ரைபிளுக்கானது. பிஸ்டலில் போட்டாலும் போகும், ஆனால் சற்றே கீழே விழும். மூன்றாவது தலையின் விட்டம்: 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 என்று லேபிளில் இருக்கும். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 மேட்ச், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் பிஸ்டல் எடையில் 500 பெல்லட் கொண்ட டப்பாவாகக் கிடைக்கும். தொடக்கத்தில் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா போதும். ஒத்துப்போகும் வகை தெரிந்தபின், லேபிளிலுள்ள பேட்ச் எண்ணைக் குறித்துவைத்து அதே எண்ணில் மொத்தமாக வாங்குங்கள்.

தலை விட்டத்தில் ஒரு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்காகத் தொடக்கத்திலேயே தூக்கம் கெட வேண்டாம். கணக்கு போட்டுப் பாருங்கள்: இலக்குக் காகிதத்தில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; பெல்லட்டின் விளிம்பு அந்தக் கோட்டைத் தொட்டாலே 10 புள்ளி. ஆக, பெல்லட்டின் நடுப்புள்ளி 16 மி.மீ. வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் 10. சோதித்தால் இரண்டு பெல்லட் வகைகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். புதியவரின் கை ஆட்டம் அதைப்போலப் பல மடங்கு. நசுங்கிய பெல்லட் மட்டும் யாருக்கும் பொறுக்காது.

நசுங்கியதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் சமமாக வைத்து, பத்து பெல்லட்டை அதில் கொட்டி, டேபிள் லைட்டைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். பின்பக்கம் பாவாடைபோல விரிந்திருக்கிறதே, அந்த விளிம்பு வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமாகிவிட்டதா என்று நிழலில் தெரியும். பிறகு ஒன்றை விரல் நுனியால் மெல்லத் தள்ளுங்கள். நல்ல பெல்லட் வளைந்து வட்டமடித்து வழுக்கிக்கொண்டு ஓடும். நசுங்கியது தத்தித் தத்தி ஓடி நின்றுவிடும். அதைப் பயிற்சிக்குக்கூட வைக்காதீர்கள். கை செய்யாத தப்பைக் கை செய்ததாக நம்ப வைத்துவிடும். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக எடைபோடுகிறவர்களும் உண்டு. பிஸ்டலில் பத்து மீட்டருக்கு அந்த உழைப்பு தேவையில்லை.

இனி, எந்த வகை ஒத்துப்போகிறது என்று பார்க்கும் சோதனை. சுடுமிடத்தின் கோட்டிலிருந்து இலக்குக் காகிதம் வரை சரியாக 10 மீட்டர், இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர். மின்விசிறியை நிறுத்துங்கள், பெல்லட்டுக்கு ஒன்றும் ஆகாது, காகிதம் ஆடும். பிஸ்டலை மணல் பைமேல் உறுதியாகச் சாய்த்துச் சுட்டால் போதும். பட்டறையில் வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இருந்தால் துணி சுற்றி உடல்பகுதியை மட்டும் பிடிக்கலாம். குழலையோ காற்று சிலிண்டரையோ வைஸில் இறுக்கவே கூடாது. உள்ளே 200 பார் அழுத்தம் இருக்கிறது.

வகை மாற்றும்போது முதல் இருபது பெல்லட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலுக்குள் படிந்திருக்கும் முந்தைய ஈயம் மாற அவ்வளவு தேவைப்படும். பிறகு ஐந்து ஐந்தாக நான்கு காகிதம். ஐந்து ஓட்டையும் சேர்ந்த ஒவ்வொரு கூட்டத்திலும் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை வெர்னியர் அளவுகோலில் அளந்து 4.5 கழியுங்கள். 7.5 வந்தால் உண்மையான பரவல் 3 மி.மீ. நான்கின் சராசரிதான் பேசும். ஒரே ஒரு அழகான கூட்டத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

கூட்டத்தின் வடிவமும் நோயைச் சொல்லும். மேலும் கீழுமாக நீண்டால் அழுத்தமானியைப் பாருங்கள், காற்று தீர்ந்துகொண்டிருக்கலாம், அல்லது அழுத்தத்தைச் சமப்படுத்தும் ரெகுலேட்டர் சீராக இல்லை. நான்கு ஒரே ஓட்டையில், ஐந்தாவது மட்டும் தனியே என்றால் பெரும்பாலும் நசுங்கிய பெல்லட். இரண்டு தனித்தனிக் கூட்டமாக வந்தால் குறிபார்க்கும் சைட்டின் திருகு தளர்ந்திருக்கும். கையில் பிடித்துச் சுடும்போது மட்டும் பக்கவாட்டில் பரவினால் அது விரலின் வேலை. பெல்லட்டை மாற்றிப் பயனில்லை.

பெல்லட்டைத் தட்டைத் தலை முன்னே இருக்கும்படி வைத்து, குழலின் வாயோடு சமமாகும்வரை பெருவிரலால் அழுத்துங்கள். சாய்ந்து நின்றால் மூடும்போது பாவாடை வெட்டுப்படும், காற்று கசியும், குண்டு கீழே போகும். சத்தம் மங்கலாக வந்து காகிதத்தில் ஓட்டை இல்லையென்றால் அடுத்ததைப் போடாதீர்கள். முதல் பெல்லட் குழலிலேயே சிக்கியிருக்கலாம். சுடாத நேரத்தில் குழல் வழியே இருபுறமும் வெளியே தெரியும்படி ஒரு பாதுகாப்பு நரம்பு இருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் ஆரஞ்சு நைலான் நரம்பு, இரண்டு மில்லிமீட்டர் கனத்தது, இதற்குக் கச்சிதம்.

பின்னணித் தடுப்புக்கும் ரப்பர் ஷீட்தான் கைக்கு எட்டும் பொருள். அதைத் தொங்கவிட வேண்டாம். பெல்லட் எகிறித் திரும்பி வரக்கூடும். மரப்பெட்டியில் பழைய துணியை ஒரு சாண் தடிமனுக்கு இறுக்கி அடைத்து, பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகட்டை மேல்பக்கம் சுடுபவரை நோக்கி வரும்படி சாய்த்துப் பொருத்துங்கள். துணி தாண்டி வருவது கீழ்நோக்கி விழும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அங்கே நிற்கக் கூடாது.

பிஸ்டலின் காற்று சிலிண்டரில் நிரப்பும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மாவட்டத்தில் பெய்யும். அந்த மாதங்களில் கைப்பம்பில் அடித்தால் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போகும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் அடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் அடித்தால் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, வால்வைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸருக்கு இந்த அழுத்தம் எட்டாது. சிலிண்டரில் ஆக்சிஜனை நிரப்பவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் வெடிக்கும். சிலிண்டருக்கு உற்பத்தித் தேதியிலிருந்து 10 ஆண்டு வரைதான் ஆயுள், தேதி அதன்மேலேயே பொறித்திருக்கும். பழைய பிஸ்டல் வாங்கும்போது முதலில் அதைப் படியுங்கள்.

கடைசியாகச் சேமிப்பு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் வேறொன்று இருக்கிறது. ரப்பர் பாலை உறையவைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றும் கொட்டகையில் பெல்லட் டப்பாவை வைத்தால், அந்த ஆவி ஈயத்தை அரித்து மேலே வெள்ளைப் பொடியாகப் படியவைக்கும். வினிகர் ஆவியும் அப்படியே. அந்தப் பொடி விஷம்; ஊதவும் கூடாது, துடைத்துப் பயன்படுத்தவும் கூடாது, டப்பாவோடு தூக்கிப் போடுங்கள். நல்ல டப்பாவை இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன், வீட்டுக்குள் அலமாரியில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ டம்ளரைத் தொட வேண்டும்.