800 மீட்டருக்கு முன் ஆப்ப சோடா: எடுக்கும் முறை

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிற தம்பிகள் ஆயிரக்கணக்கில் கொடுத்து, பயிற்சிக்கு முன் குடிக்கும் ‘பிரீ வொர்க்அவுட்’ பவுடர் டப்பா வாங்குகிறார்கள். 800 மீட்டர்தான் உங்கள் ஓட்டம் என்றால் மளிகைக்கடை ஆப்ப சோடாவே போதும் என்பது என் கட்சி. அதுதான் சோடியம் பைகார்பனேட். ஒன்றிலிருந்து பத்து நிமிடம் வரை முழுமூச்சாக ஓடுவதற்குத்தான் இது உதவும். 100 மீட்டருக்கோ, மாட்டுத்தாவணியிலிருந்து அழகர்கோவில் வரை ஓடுவதற்கோ வேண்டியதில்லை.

வேகமாக ஓடும்போது தசையில் அமிலத்தன்மையைக் கூட்டும் ஹைட்ரஜன் அயனிகள் சேரும். சோடா ரத்தத்தில் பைகார்பனேட்டைக் கூட்டுவதால் அவை தசையை விட்டு விரைவாக வெளியேறும்.

முதலில் அளவு. உடல் எடையில் கிலோவுக்கு 0.2 கிராம், 60 கிலோ ஆளுக்கு 12 கிராம். ஒத்துக்கொண்டால் 0.3 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்பூன் கணக்கு சரிவராது, டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

அடுத்தது வயிறு. பாதிப்பேர் இதை விட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். மொத்தத்தையும் ஒரே மடக்கில் குடித்தால் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து வாயு கிளம்பும். அப்புறம் வாந்தி, பேதி. அதனால் நான்கு பங்காகப் பிரியுங்கள். ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு தொடங்கி, அரை மணிக்கு ஒரு பங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். கடைசிப் பங்கு ஒரு மணி நேரம் முன்பு முடிந்துவிடும். முதல் பங்கோடு இரண்டு மூன்று இட்லி சாப்பிட்டால் வயிறு அடங்கியிருக்கும். வடை, கறிக்குழம்பெல்லாம் ஓடி முடித்த பிறகு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு சோடா குடிக்கவே கூடாது.

பந்தயத்தன்று முதல்முறையாக எடுக்காதீர்கள். பயிற்சியில், கழிப்பறை பக்கத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து எடுங்கள்.

12 கிராம் சோடாவில் 3 கிராமுக்கு மேல் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 2 கிராமுக்குள்தான். ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். மற்றவர்களும் பந்தயத்துக்கும் முக்கியமான பயிற்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: தசைக்கு உடனடி சக்தி கொடுக்க உதவும் கிரியேட்டின் பவுடரும் சேர்த்து எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். எடுக்கலாம். ‘கிரியேட்டின் மோனோஹைட்ரேட்’ என்ற சாதாரண வகையே போதும், தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. தசையில் அது நிறைவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். எடை ஒரு கிலோ கூடினால் பதற வேண்டாம், தசையில் சேரும் தண்ணீர்தான். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் மட்டும் கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அளக்கும் ‘கிரியேட்டினைன்’ (creatinine) என்ற கழிவுப்பொருளின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம்.