வழுக்கைக்குத் தாய்மாமனை மட்டும் கைகாட்டாதீர்கள்

மாமனுக்கு வழுக்கை என்றால் மருமகனுக்கும் நிச்சயம் என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு வழுக்கையோடு தொடர்புடையது; அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். ஆனால் அம்மாவிடம் எக்ஸ் இரண்டு. அவற்றில் ஒன்று அவருடைய அப்பா கொடுத்தது. அந்த மரபணு தாய்வழித் தாத்தாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. மாமனுக்கு எக்ஸ் பாட்டியிடமிருந்து மட்டுமே வந்திருக்கும் என்பதால், அவரிடம் உள்ள அதே பிரதி உங்களுக்கும் கிடைத்திருக்க வாய்ப்போ நான்கில் ஒன்றுதான். பார்ப்பதென்றால் மாமனைவிடத் தாத்தாவின் தலையைப் பாருங்கள்.

அப்பாவைக் கணக்கில் சேர்க்காதது இன்னும் பெரிய தவறு. பிரிட்டனின் மருத்துவ ஆய்வுத் தரவுத்தொகுப்பான யூகே பயோபேங்கில் உள்ள 52,000க்கும் மேற்பட்ட ஆண்களின் தரவை வைத்து 2017இல் வெளியான ஆய்வு, வழுக்கையோடு தொடர்புடைய 287 மரபணுக் குறிகளைக் கண்டது. எக்ஸில் இருந்தவை 40 மட்டுமே. மற்றவை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரக்கூடியவை.

வழுக்கைத் தலையருக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்பதும் தவறு. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் காட்டியது இது: பருவமடையும் முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை; ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கே முடி போனது. ஹார்மோன் தேவைதான், ஆனால் மயிர்க்கால் அதற்கு எவ்வளவு கூருணர்வு கொண்டது என்பதே முடிவு செய்கிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன், நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. பின்மண்டை முடி பெரும்பாலும் தப்பிவிடும். முடி மாற்று நடவுக்கு அங்கிருந்து எடுப்பது அதனால்தான்.

பரிணாமத்தில் வழுக்கைக்கு ஏதோ பயன் இருந்தே ஆக வேண்டும் என்று கதை கட்ட வேண்டாம். முதிர்ச்சியின் அடையாளம், வெயிலிலிருந்து கூடுதல் வைட்டமின் டி என்று கருதுகோள்கள் உண்டு, எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பலருக்கு வழுக்கை தெரியத் தொடங்குவதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுவதால், இயற்கைத் தேர்வு அதை வடிகட்டாமல் விட்டிருக்கலாம். குட்டைவால் மக்காக் குரங்குகளுக்கும் வழுக்கை விழும், அதுவும் ஆண் பெண் இரண்டுக்கும்.

உதிரும் முடியெல்லாம் பரம்பரை வழுக்கையல்ல. கடும் காய்ச்சல், பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானே சரியாகும். வட்டவட்டமாகப் போகும் புழுவெட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் மயிர்க்காலையே தாக்குவதால் வருவது. பரம்பரை வழுக்கையில் எண்ணிக்கையைவிட முடியின் பருமனைக் கவனியுங்கள்: உச்சியிலும் நெற்றியோரத்திலும் முடி ஆண்டுக்காண்டு மெலியும்.

பரம்பரை வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவதைக் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நான்கு முதல் ஆறு மாதமாவது பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. டிஹெச்டி உருவாவதைக் குறைக்கும் மாத்திரையான ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மருத்துவர் சொன்னால் மட்டும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இம்மருந்து, புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவை ஏறக்குறைய பாதியாக்கும். புராஸ்டேட் பரிசோதனைக்குப் போகும்போது இம்மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.