அமுக்கரா சூரணம்: தூக்கத்துக்காக எடுத்துக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

இரவு பதினொரு மணிக்குப் படுத்து, இரண்டு மணிக்கு விழித்து, காரணம் புரியாத படபடப்போடு விடியும்வரை புரண்டுகொண்டிருப்பவரிடம் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து குடியுங்கள், தூக்கம் தானாக வரும்." இந்த அறிவுரையைக் குறை சொல்ல முடியாது. சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் மருந்து இது. அசுவகந்தா என்றும் வழங்கும் அமுக்கராவின் தாவரவியல் பெயரான வித்தானியா சோம்னிஃபெராவின் பின்பாதிக்கு இலத்தீனில் 'உறக்கம் தருவது' என்றே பொருள். 2012-இல் இந்தியாவில் 64 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வில், வேரிலிருந்து எடுத்த செறிவுச் சாற்றை 300 மில்லிகிராம் வீதம் இருவேளை 60 நாள் எடுத்துக்கொண்டவர்களுக்கு மன அழுத்தமும், இரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் குறைந்தன. ஆகவே மருந்தின் மேல் எனக்கு ஐயமில்லை. "மூலிகைதானே, என்ன செய்துவிடப்போகிறது?" என்ற எண்ணத்தோடு அதை எடுத்துக்கொள்ளும் விதம்தான் கவலை தருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தூக்கம் ஏன் போனது என்று பார்க்காமலே சூரணத்தைத் தொடங்குவது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், எடை குறையும், காரணமில்லாத பதற்றம் வரும், தூக்கம் கெடும். இப்படிப்பட்ட ஒருவர் தமக்கு வந்திருப்பது வெறும் மனக்கவலை என்று எண்ணி அமுக்கராவைக் கையில் எடுத்தால், அது நிலைமையை மோசமாக்கக்கூடும். ஏனெனில் அமுக்கரா தைராய்டு ஹார்மோனின் அளவை உயர்த்தக்கூடியது என்பது ஆய்வுகளில் தென்பட்டிருக்கிறது. தைராய்டு குறைபாட்டுக்காகக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுபவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வழியில் வருகிறது: மாத்திரையின் அளவு மாறாமல் இருக்க, சூரணம் தன் பங்குக்கு ஹார்மோனைக் கூட்ட, சில வாரங்களில் படபடப்பு கூடுகிறது. அதைப் பார்த்துவிட்டுச் சூரணம் போதவில்லை என்று இன்னும் அரைக் கரண்டி சேர்ப்பவர்களும் உண்டு. தைராய்டின் நிலையைக் காட்டும் ஒரு டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடும். இரத்தசோகை, இரவில் மூச்சுத் திணறலோடு கூடிய குறட்டை, மனச்சோர்வு ஆகியவையும் தூக்கத்தைக் கெடுப்பவைதாம். அவற்றுக்கான மருத்துவம் வேறு.

அடுத்து, பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்று தெரியாமல் வாங்குவது. நாட்டு மருந்துக் கடையில் 'அமுக்கரா பொடி' என்றும் 'அமுக்கரா சூரணம்' என்றும் கிடைப்பவை ஒன்றல்ல. பொடி என்பது வேரை மட்டும் இடித்தது. சூரணமோ கூட்டு மருந்து: கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டித்துக்கொண்டே போகும் கணக்கு அது. மொத்தம் 255 பங்கில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. நீரிழிவு உள்ளவர்கள் இதை அறியாமல் நாள்தோறும் இருவேளை பாலில் கலந்து குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மிளகும் திப்பிலியும் கூட வெறும் காரத்துக்காகச் சேர்ந்தவை அல்ல. அவற்றிலுள்ள பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற சில மருந்துகள் உடலில் சேரும் அளவைக் கூட்டிவிடும். எனவே வேறு மருந்து எடுப்பவர் 'சூரணம் சாப்பிடுகிறேன்' என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கில மருத்துவர் திட்டுவார் என்று அஞ்சியே பலர் சொல்லாமல் விடுகிறார்கள். மருத்துவர்களும் பொறுமையாகக் கேட்டால் இந்த மறைப்பு குறையும்.

அசுவகந்தாரிஷ்டம் வாங்குபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அரிஷ்டங்கள் நொதிக்க வைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் இயற்கையாக உண்டாகும் மதுச்சாரம் இருக்கும். தூக்க மாத்திரையோடு அதைச் சேர்ப்பது மயக்கத்தைக் கூட்டும், வயதானவர்கள் இரவில் எழுந்து நடக்கையில் விழுந்துவிடவும் நேரும்.

அளவைப் பொறுத்தவரை, 'ஒரு கரண்டி' என்ற சொல்லே ஏமாற்றக்கூடியது. ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரே தேக்கரண்டியை இருவிதமாக நிரப்பி நிறுத்துப் பார்த்தேன். கத்தியின் முதுகால் மேலே வழித்துச் சமன் செய்ததைவிடக் குவித்து அள்ளியது ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. மருத்துவர் கிராமில் சொன்னால் கிராமில் நிறுத்தே எடுங்கள். மாத்திரைக் குப்பிகளில் வரும் 'எக்ஸ்ட்ராக்ட்' வேர்ப்பொடியைவிடப் பல மடங்கு செறிவானது என்பதால், பொடிக்குச் சொன்ன அளவை அதற்குப் பொருத்துவதும் தவறு. அந்தக் குப்பியின் மேல் 'வேர்' என்று மட்டும் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இலேயே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

முதல் இரவிலேயே தூக்கம் வரவில்லை என்று கைவிடுவதும் அளவைக் கூட்டுவதும் அன்றாடம் நடப்பவை. அமுக்கரா தூக்க மாத்திரை போல உடனே ஆளைச் சாய்ப்பதில்லை; மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகும். மாலை ஆறு மணிக்கு ஃபில்டர் காபி குடித்துவிட்டு, பதினோரு மணிவரை கைபேசியைப் பார்த்துவிட்டு, சூரணத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. குடித்த காபியின் காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். இதற்கு நேர் எதிரான தவறு, பலன் தெரிந்ததும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது. இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்டவை. நம் மரபிலும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என்ற எல்லை உண்டு.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது உயிருக்கே ஆபத்தானது. அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைப் பல மாதம் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் சூரணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்; 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் அமுக்கராவைத் தவிர்க்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் அப்படியே.

கல்லீரலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அமுக்கரா எடுத்தவர்களில் ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையும் கடுமையான அரிப்பும் வந்ததை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-இல் பதிவுசெய்தார்கள். தொடங்கிய இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அவர்களுக்கு அது வந்தது, நிறுத்திய பின் சில மாதங்களில் குணமானது. இது அரிது. ஆனாலும் உடல் முழுதும் அரித்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, கண்ணின் வெண்மை மஞ்சளித்தாலோ அன்றே சூரணத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மீதமுள்ள பொட்டலத்தையோ குப்பியையோ கையோடு எடுத்துப் போங்கள். அதிலுள்ள தயாரிப்பு எண்ணையும் சேர்மானப் பட்டியலையும் பார்த்தால்தான், கல்லீரலைத் தாக்கியது அமுக்கராவா, கலப்படமா, வேறு நோயா என்று மருத்துவர் தேடத் தொடங்க முடியும்.