ஜிஐ பில்லை முதல் பட்டத்திலேயே கரைத்துவிடாதீர்கள்

கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து, ராணுவத்தில் சேர்ந்து, இப்போது வெளியே வந்து கால்நடை மருத்துவம் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நம்மூர் போல பிளஸ் டூ முடித்ததும் நேராக உள்ளே போக இங்கே வழியில்லை. முதலில் உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று அவர்கள் கேட்கும் பாடங்களைக் கல்லூரியில் முடிக்க வேண்டும். பெரும்பாலோர் ஒரு பட்டமே வாங்கிவிடுகிறார்கள். அதற்குமேல்தான் டிவிஎம் என்ற நான்கு வருடக் கால்நடை மருத்துவப் பட்டம்.

காகித வேலை சுலபம். ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான டிடி-214 சான்று கையில் இருக்கட்டும், முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையான விஏவின் தளத்தில், படிப்புச் செலவுக்கு அரசு பணம் தரும் ஜிஐ பில்லுக்கு விண்ணப்பியுங்கள், வரும் தகுதிச் சான்றைக் கல்லூரியில் கொடுங்கள். 2001 செப்டம்பர் 10க்குப் பிறகு மொத்தம் 36 மாதம் பணியில் இருந்திருந்தால் அந்த உதவி முழு விகிதத்தில் கிடைக்கும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். ஜிஐ பில் கணக்கு டாலரில் ஓடுவதில்லை, மாதத்தில் ஓடுகிறது. மொத்தம் 36 மாதம். கட்டணம் குறைந்த கம்யூனிட்டி காலேஜில் முழுநேரம் படித்தாலும் ஒரு மாதம் கழியும், பல மடங்கு கட்டணம் கேட்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் அதே ஒரு மாதம்தான் கழியும். ஒரு கல்வியாண்டு ஏறத்தாழ ஒன்பது மாதம். அப்படியானால் 36 மாதம் என்பது டிவிஎம்மின் நான்கு வருடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற அளவு.

என் நண்பனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ராணுவத்தில் நாய்களுக்கு மருத்துவ உதவி செய்யும் பிரிவில் இருந்தவன், நல்ல கைராசிக்காரன். வெளியே வந்ததும் அவன் சேர்ந்த கல்லூரியின் ஆலோசகர், "இலவசம்தானே, உடனே எடுத்துக்கொள்" என்று கையெழுத்து வாங்கிவிட்டார். அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டிவிஎம் இடம் கிடைத்தபோது அவன் கணக்கில் ஒரு செமஸ்டருக்குத்தான் மாதம் மிச்சம். மற்றதெல்லாம் கடன். நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே முதல் பட்டத்துக்கு வேறு பணம் தேடுங்கள். இன்னும் பணியில் இருப்பவர்கள் ராணுவமே கட்டணம் தரும் டியூஷன் அசிஸ்டன்ஸில் முடிந்தவரை பாடங்களை முடித்துவிடுங்கள். அது ஜிஐ பில்லைத் தொடாது. வெளியே வந்தபின் மத்திய அரசின் கல்வி உதவிக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவத்தை நிரப்பினால், வருமானத்தைப் பொறுத்து, திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் கிடைக்கும். கிரீன் கார்டு இருந்தாலே போதும். டெக்சாஸிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் ஹேசல்வுட் சட்டத்தையும் பாருங்கள். அங்குள்ள அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் வரை பெரும்பாலான கட்டணம் கிடையாது. ஆனால் முழு விகித ஜிஐ பில் மிச்சம் இருக்கும்வரை அது பொதுவாகக் கிடைக்காது, மாதங்கள் தீர்ந்த பிறகுதான் கைகொடுக்கும்.

டிவிஎம்முக்கு அரசுப் பல்கலைக்கழகமே நல்லது. முழு விகிதம் உள்ளவர்களுக்கு உள்மாநிலக் கட்டணத்தை ஜிஐ பில் முழுதாகக் கட்டிவிடும். தனியாரில் வருடத்துக்கு ஏறத்தாழ 30,000 டாலர்தான் உச்சவரம்பு. மீதியைக் கல்லூரியும் விஏவும் பகிர்ந்துகொள்ளும் யெல்லோ ரிப்பன் திட்டத்தில் அந்தக் கல்லூரி இருக்கிறதா, அதிலும் டிவிஎம்முக்கு எவ்வளவு தருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடனை நம்பாதீர்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, மேற்படிப்புக்கான கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் இல்லை. தொழிற்படிப்புக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர்தான்.

அப்புறம், முழங்கால் வலியையும் முதுகு வலியையும் சொல்லக் கூச்சப்படுவது நம் ஆட்களின் பழக்கம். தயவுசெய்து சொல்லுங்கள். பணியால் வந்த பாதிப்பை விஏ குறைந்தது 10 சதவீதம் என்று மதிப்பிட்டால், சாப்டர் 31 என்ற மறுவாழ்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். விஏ ஆலோசகர் டிவிஎம்மை ஒப்புக்கொண்டால் கட்டணம், புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதை முதலில் பயன்படுத்தினால் ஜிஐ பில் மாதங்கள் குறையாது. ஜிஐ பில்லை முதலில் பயன்படுத்தினால் சாப்டர் 31 மாதங்கள் குறையும்.

மாதங்களை ஏற்கெனவே செலவழித்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அப்போதே சாப்டர் 31க்குத் தகுதி இருந்தது என்று காட்டினால், பின்தேதியிட்டுச் சேர்த்து, போன மாதங்களைத் திருப்பித் தரும்படி கேட்கலாம். என் நண்பன் இப்போது அந்த மனுவைத்தான் போட்டிருக்கிறான்.