குழந்தைக்கு குரோஷா பின்னுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வளைகாப்பு முடிந்த வீட்டில் யாராவது ஒருவர் நூல்கண்டும், நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசியுமாக உட்கார்ந்துவிடுவார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு நம் கையால் ஒரு தொப்பி, ஒரு ஜோடி காலுறை, முடிந்தால் ஒரு போர்வை. நல்ல ஆசைதான், பின்னுவதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஆனால் டீப்பாய் விரிப்பு பின்னிப் பழகிய கை குழந்தைக்குப் பின்ன வரும்போது கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டும். விரிப்பு விரித்த இடத்தில் கிடக்கும். குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைக்கும், இழுக்கும், மாதத்துக்கு மாதம் வளரும்.

நூலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கடைக்குப் போனதும் கண்ணில் படுவது அக்ரிலிக் என்ற செயற்கை இழை உல்லன் நூல்தான். விலை குறைவு, நிறம் நிறைய. ஆனால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்தால் பரவாயில்லை, மதுரையிலும் சென்னையிலும் சித்திரை வெயிலில் பிறந்த குழந்தைக்கு அக்ரிலிக் தொப்பி எதற்கு? வியர்வையை உறிஞ்சாது, தலையும் கழுத்தும் நசநசவென்று ஆகி வேர்க்குரு வந்துவிடும். சமவெளியில் இருப்பவர்கள் பருத்தி நூலில் பின்னுங்கள். வாங்கும்போது நூலை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளங்கைத் தோல் தடிமன். கழுத்தோரம் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள், குத்தினால் அது குழந்தைக்கு வேண்டாம். புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம், அந்த இழைகள் உதிர்ந்து வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போகும்.

அடுத்தது காலுறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் முதன்முதலில் அக்கா மகளுக்குப் பின்னிய காலுறை வெளியே பார்க்க அத்தனை அழகாக இருந்தது. ஒரு நாள் கழற்றும்போது கட்டைவிரல் உள்ளே எதிலோ மாட்டி வர மறுத்தது. புரட்டிப் பார்த்தால், நிறம் மாற்றிய இடத்தில் நான் சரியாகச் செருகாமல் விட்ட நூல்முனை அவிழ்ந்து வளையமாகி விரலைச் சுற்றியிருந்தது. நல்லவேளை, தோல் லேசாகச் சிவந்திருந்ததோடு போயிற்று. இப்படி நூலோ தலைமுடியோ பச்சைக் குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம், குழந்தை ஏன் விடாமல் அழுகிறது என்று யாருக்கும் புரியாது. அதனால் காலுறையானாலும் கையுறையானாலும் நூலை வெட்டும்போது குறைந்தது 15 செ.மீ. விட்டு வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, ஒரு திசையில் செருகி, திருப்பி எதிர்த்திசையில் செருகி, மறுபடியும் முதல் திசைக்கே கொண்டுவந்து முடியுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், இரண்டு தடவை துவைத்தால் முடிச்சு நழுவிவிடும். கடைசியாக உள்பக்கத்தை வெளியே புரட்டி, உங்கள் சுண்டுவிரலை விட்டு ஒருமுறை துழாவிப் பாருங்கள். எங்கேயாவது மாட்டினால் அதைச் சரிசெய்யாமல் கொடுக்க வேண்டாம்.

அளவு விஷயத்தில் எல்லாரும் கண்ணளவையே நம்புகிறார்கள். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 33 முதல் 35 செ.மீ., ஒரு வயதில் 45, 46 வரை வந்துவிடும். தொப்பி இளகிக் கொடுக்கும் என்பதால் தலையைவிட 2 செ.மீ. குறைவாகப் பின்ன வேண்டும். 35 செ.மீ. தலை என்றால் தொப்பிச் சுற்றளவு 33, அதை 3.14-ஆல் வகுத்தால் 10.5. அதாவது தொப்பியின் உச்சியில் பின்ன ஆரம்பிக்கும் வட்டம் குறுக்கே பத்தரை செ.மீ. வந்ததும் கண்ணி (ஒவ்வொரு பின்னல் முடிச்சும் ஒரு கண்ணி) கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகக் கீழே இறங்கலாம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்த வயதுக்கும் தொப்பி பின்னிவிடலாம். சிங்கிள் குரோஷா என்ற குட்டையான அடிப்படைப் பின்னலில் வட்டம் தட்டையாக வர 6, 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறு கண்ணி கூட வேண்டும். கிண்ணம் மாதிரி குவிந்தால் கூட்டியது போதவில்லை, ஓரம் அலை அலையாகச் சுருண்டால் அதிகமாகிவிட்டது. இன்னொன்று, பிறந்த குழந்தை அளவில் நாலைந்து பின்னி அடுக்காதீர்கள், ஒரு மாதம்கூடப் போட முடியாது. மூன்று மாத, ஆறு மாத அளவில் பின்னிக் கொடுங்கள்.

வீடியோ பார்த்துக் கற்பவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்கிறார்கள். பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, எந்த முறையில் எழுதியது என்று பார்க்காமல் ஆரம்பித்தால் கண்ணியின் உயரமே மாறி, மூன்று மாதக் குழந்தையின் சட்டை மூன்று வயதுக்குப் போய் நிற்கும்.

போர்வை போகப்போக ஒரு பக்கம் குறுகி முக்கோணம் ஆகிறதா? வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் எண்ணுங்கள், முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் அடையாளம் வையுங்கள். அந்த அடையாளத்துக்கு ஊக்கு மட்டும் வேண்டாம். பின்னி முடித்த சந்தோஷத்தில் ஊக்கு உள்ளேயே தங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. வேறு நிற நூல் துண்டு போதும். அப்புறம், பெரிய பெரிய துளை விழும் டிசைன் பார்க்க லேஸ் மாதிரி நன்றாக இருக்கும், ஆனால் குழந்தையின் விரல் அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். நெருக்கமான பின்னலே நல்லது.

அந்தப் போர்வையைத் தூங்கும் குழந்தை மேல் போடலாமா? ஒரு வயது வரை வேண்டாம். படுக்கையிலும் தொட்டிலிலும் தளர்வான போர்வை, தலையணை, பொம்மை எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. முகத்தில் விழுந்தால் தள்ளிவிட அந்த வயதில் தெரியாது. வெளியே தூக்கிக்கொண்டு போகும்போது போர்த்த, தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட வைக்கத் தாராளமாகப் பயன்படும். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியும் தேவையில்லை, குழந்தைகள் அதிகப்படிச் சூட்டைத் தலை வழியாகவும் வெளியேற்றுகிறார்கள். குறைப்பிரசவம், எடை குறைவு என்று டாக்டர் போடச் சொன்னால் அது வேறு.

பொம்மைக்கு வருவோம். கருப்புப் பிளாஸ்டிக் கண், பெயரே ‘சேஃப்டி ஐ’ என்று இருப்பதால் பலரும் நம்பி வைத்துவிடுகிறார்கள். பின்னால் வாஷர் இறுகப் பிடித்திருந்தாலும் பின்னல் இளகும், குழந்தை கடித்து இழுக்க இழுக்கக் கண்ணி விரிந்து மொத்தமாகவே வெளியே வந்துவிடலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு என்றால் கண், மூக்கு, வாய் எல்லாம் நூலிலேயே எம்பிராய்டரி போடுங்கள். பொத்தான், மணி, முத்து எதுவும் வேண்டாம். உள்ளே அடைக்க இலவம் பஞ்சு வைத்தால் துவைத்ததும் கட்டி கட்டியாகிவிடும், ஈரம் உள்ளேயே நிற்கும், பாலியஸ்டர் ஃபைபர் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னலுக்கு 2.5 மி.மீ. ஊசி எடுத்து இறுக்கமாகப் போட்டால்தான் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது.

கழுத்தில் கட்டும் நாடா, தொப்பியில் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடும் கயிறு, பல் முளைக்கும்போது குழந்தை கடிக்கவென்று குரோஷா மணி கோத்துப் போடும் ‘பல் முளைக்கும் மாலை’, இந்த மூன்றையும் எத்தனை அழகாக இருந்தாலும் நான் பின்னுவதில்லை. பல் முளைக்கும் மாலைகள் கழுத்தை இறுக்கும், மணி அறுந்தால் தொண்டையில் அடைக்கும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. தூளிக்கு மேலே பொம்மை தொங்கவிடுகிறவர்களும் குழந்தை கையை நீட்டிப் பிடிக்க ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை துவைத்துவிடுங்கள். சிவப்பு, கருநீலப் பருத்தி நூல் சாயம் விடும், வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். காயப்போடும்போது கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் சட்டை நீண்டுபோகும், துண்டில் விரித்து நிழலில் காய வையுங்கள். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம், சூடு பட்டதும் துவண்டுவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதித் துணியோடு வைத்துக் கொடுங்கள். துவைக்கப்போவது பிள்ளை பெற்ற வீட்டில் யாரோ, அவர்களுக்கு எந்த நூல் என்று தெரிந்திருக்காது.