கிணற்று மோட்டார் மாற்றும் வேலை: தனியாகப் போகிற புதியவர்களுக்கு

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று நம்முடைய கிழக்கிலங்கைக் கரையோரம் முழுக்க மணல் நிலம். கிணறுகளுக்கு அவ்வளவு ஆழம் இல்லை. அதனால் கிணற்றடியில் சீமெந்துக் கட்டில் வைக்கிற சின்ன மோட்டார்தான் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. சொந்தமாக பிளம்பிங் தொடங்கும் தம்பிமாருக்கு முதலில் வருகிற வேலைகளில் இதுவும் ஒன்று. பைப் வெட்டுவது, கம் (பைப் ஒட்டும் பசை) பூசுவது எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். கரண்ட் பக்கத்தைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

1. போகுமுன்

எந்த வீட்டுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காயப்பட்டால் நட்டஈடு தர நமக்கு முதலாளி இல்லை, அன்றைய சல்லியும் இல்லை. பாட்டாச் செருப்போடு ஈரக் கிணற்றடியில் நிற்க வேண்டாம். காய்ந்த, ரப்பர் அடி உள்ள சப்பாத்துப் போடுங்கள்.

மின்விளக்கு எரிகிற டெஸ்டரை மட்டும் நம்பி நான் இந்த வேலைக்குப் போவதில்லை. வெயிலில் அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். பைப் ரென்ச் பழையதாக இருந்தாலும் சமாளிக்கலாம், மீட்டரில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

2. கரண்ட் இல்லை என்று உறுதிசெய்வது

மோட்டாருக்குப் பிளக் இருந்தால் வேலை சுகம். பிளக்கைக் கழற்றி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயர் நேராகச் சுவிட்சுக்குப் போகிற வீடுகளில்தான் சிக்கல். ஒரு வீட்டில் சுவிட்சை நிறுத்திவிட்டு மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் இடையே மீட்டர் வைத்தேன். பூச்சியம். ஆனாலும் மோட்டார் உடம்பில் புறங்கை பட்டதும் சுரீர் என்றது. விஷயம் என்னவென்றால், அந்தச் சுவிட்ச், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் பூட்டப்பட்டிருந்தது. சுவிட்சை நிறுத்தினால் மோட்டார் ஓடாது, ஆனால் கரண்ட் வருகிற லைவ் வயர் 230 வோல்ட்டோடு மோட்டாருக்குள் அப்படியே இருக்கும். அந்த 230 வோல்ட் மோட்டாரின் கம்பிச் சுருளைக் கடந்து மற்ற முனைக்கும் வந்துவிடுவதால் இரண்டு முனைகளுக்கும் இடையே மீட்டர் எதையும் காட்டாது. ஈரத்தில் உள்ளே வயரின் மின்காப்பு பழுதாகி, கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் வயரும் சரியில்லை என்றால் அது உடம்புக்குக் கசியும்.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் பக்கத்தில் உள்ள ஒரு சொக்கெட்டில் லைவுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரைப் பாருங்கள். 230க்குக் கிட்டக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வீட்டு எர்த்தையோ உங்கள் மீட்டரையோ நம்ப முடியாது, எலக்ட்ரீஷியன் வரட்டும். மறுகா, கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்துங்கள். அது உடனே விழ வேண்டும். விழாத வீட்டில் மோட்டாரைத் தொடாமல், அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். சின்ன பிரேக்கர் லைவ் என்று நினைத்த ஒரு வயரை மட்டும்தான் வெட்டும். வீட்டு மெயின் சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும். அதன் மேல் டேப் ஒட்டி, "ஆள் வேலை செய்கிறார், போட வேண்டாம்" என்று எழுதி வையுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் வாயாலும் சொல்லுங்கள். குசினியில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது ஒருவர் சுவிட்சைத் தேடுவது நடக்கிற காரியம்.

இனி மோட்டார் முனையில் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்: லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். மூன்றும் பூச்சியமாக இருந்தால்தான் கை வைக்கலாம். மோட்டாரைக் கிளப்ப உதவுகிற கப்பாசிட்டரின் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை என்றால் திறக்காதீர்கள். கரண்ட் நின்ற பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

3. கழற்றுவதும் பொருத்துவதும்

பழைய இரும்பு ஆணிகள் உப்புக் காற்றில் இறுகியிருக்கும். எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். புதிதாகப் போடும்போது துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளே நல்லது. மாரியில் கிணற்றடி வெள்ளம் ஏறுகிற வளவு என்றால் சீமெந்துக் கட்டை உயர்த்தச் சொல்லிவிட்டு மோட்டாரை வையுங்கள்.

உறிஞ்சும் பைப்பில் ஒரு ஊசித் துளை இருந்தாலும் காற்று இழுக்கும், தண்ணீர் ஏறாது. த்ரெட் டேப்பை முறுக்கும் திசையிலேயே சுற்றுங்கள். அந்தப் பைப்பின் கீழ் நுனியில், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற ஃபுட் வால்வ் அடி மணலைத் தொடாமல் ஓரிரு அடி மேலே நிற்க வேண்டும். இவ்வகை மோட்டார் ஏழு மீற்றருக்கு மேல் நன்றாக உறிஞ்சாது என்பதால் கோடையில் தண்ணீர் இறங்குகிற அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். கம் பூசும் இடத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், அதன் ஆவி தீப்பற்றும்.

4. ஓட்டிப் பார்ப்பது

மேல் மூடியைத் திறந்து, குமிழி நிற்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். வறட்டில் ஓடினால் சீல் எரிந்துபோகும். சரி, இனி மூடியை இறுக்கி, கை காய்ந்த பிறகு சுவிட்சைப் போடலாம்.

பின்சேர்ப்பு

ஜெனரேட்டர் உள்ள வீட்டில் மெயினை நிறுத்தினால் போதுமா என்று அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் கேட்டார். போதாது. ஜெனரேட்டரையும் நிறுத்தி, அதன் இணைப்பையும் கழற்றுங்கள். பிறகு அந்த மூன்று அளவுகளையும் மறுபடி பாருங்கள்.

கிணறு இறைக்கப் பெற்றோல் பம்பை உள்ளே இறக்கலாமா என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருபோதும் வேண்டாம். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, கிணற்றுக்குள் தேங்கி நின்று இறங்கியவரை மயக்கிவிடும். பம்பு மேலேயே, கிணற்று வாயிலிருந்து தள்ளி நிற்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் அவரைத் தூக்க நீங்களும் இறங்காதீர்கள். ஆட்களைக் கூப்பிட்டு, 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.